பிரிண்டர் மேல தப்பில்ல சார், அதோட கதவு நம்பர் மாறிக்கிட்டே இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு வாசகர் கேட்டிருந்தாரு, வைஃபை பிரிண்டர் நல்லா ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு ஆஃப்லைன்னு காட்டுது, என்ன பண்றதுன்னு. பதில் சொன்னவரு பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, டிரைவரை, அதாவது லேப்டாப்ல பிரிண்டரை ஓட்டற சாஃப்ட்வேரை, எடுத்துட்டு மறுபடி போடுங்கன்னு ரெண்டே வரியில முடிச்சிட்டாரு. படிச்சதும் எனக்கு கையில இருந்த டீ இறங்கல. ஏன்னா இதே பதிலுக்கு நான் மூணு தடவை தலா 400 ரூபா அழுதிருக்கேன். அதான் எழுதுறேன், நீளமா போச்சுன்னா கோச்சுக்காதீங்க, வெட்டிப் போட்டாலும் நம்பர் வர்ற இடத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. 33 வருஷம் போஸ்ட்மேனா சைக்கிள் மிதிச்சு ரிட்டயர் ஆனவன், ஊர் கோவில்பட்டி. என் மக வீட்லயே பத்தாம் வகுப்பு கணக்கு டியூஷன் எடுக்குது, சாயந்தரம் ரெண்டு பேட்ச், 22 பிள்ளைங்க, வாரம் ரெண்டு டெஸ்ட். ஒவ்வொரு டெஸ்டுக்கும் கடைக்கு ஓடி ஜெராக்ஸ் எடுத்து கட்டுப்படியாகலன்னு 2022ல இங்க் டேங்க் பிரிண்டர் ஒண்ணு வாங்கினோம், வைஃபை உள்ளது. பிரிண்டர் கீழ ஹால்ல பீரோ பக்கத்துல, லேப்டாப் மாடி ரூம்ல, நடுவுல கேபிள் இழுக்க வழியில்ல. கம்பெனி பேரு வேண்டாம், மிஷின் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, இன்னிக்கும் நல்லாத்தான் ஓடுது.

பிரச்சனை என்னன்னா மாசம் ஒரு தடவை அது படுத்துக்கும். லேப்டாப்ல ஆஃப்லைன்னு சாம்பல் கலர்ல காட்டும், பிரிண்டர்ல பார்த்தா வைஃபை லைட்டு பச்சையா சிரிச்சிட்டு இருக்கும். கடைக்கு போன் பண்ணா ஒரு தம்பி வருவாரு, இருக்கறதை ரிமூவ் பண்ணுவாரு, மறுபடி ஆட் பண்ணுவாரு, ஏதோ ஒரு பேஜ் அடிச்சு பார்ப்பாரு, ஓகே சார் டிரைவர் கரப்ட் ஆயிருச்சுன்னு சொல்லி காசை வாங்கிட்டு போயிடுவாரு. அந்த தம்பி மேல எனக்கு கோவம் கிடையாது, அவருக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க.

இதுல எனக்கு துப்பு குடுத்ததே உங்க பேப்பர் தான். "நாளை மின்தடை" ன்னு பகுதி பகுதியா ஊர் பேரு போட்டு ஒரு கட்டம் போடுவீங்கள்ல, எங்க ஏரியா பேரு அதுல வந்துச்சுன்னா மறுநாள் சாயந்தரம் பிரிண்டர் காலி. மூணாவது தடவை தான் எனக்கு இது உறைச்சுது. கரண்ட் போயிட்டு வந்தா டிரைவர் எப்படி கெடும், டிரைவர் லேப்டாப்ல இருக்கு, லேப்டாப்ல பேட்டரி இருக்கு. கரண்ட் போனா செத்துப் போறது ரெண்டு தான், பிரிண்டரும் வைஃபை குடுக்கற பெட்டியான ரவுட்டரும்.

அந்த தம்பி ஒவ்வொரு தடவையும் பிரிண்டர்லயே பட்டனை அமுக்கி ஒரு தாள் எடுப்பாரு, நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பேஜ்னு பேரு. நாங்க தாளை வீணாக்குறது கிடையாது, பின்பக்கம் பிள்ளைங்க ரஃப் போடும், அதனால பழைய கட்டுல மூணும் கிடைச்சுது. டியூப்லைட்டுக்கு கீழ மூணையும் வரிசையா வச்சு பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ், பொடி எழுத்து, பாதி எனக்கு விளங்கல, ஆனா விலாசத்துல கடைசி நம்பரை பார்க்கறது கையில ஊறின பழக்கம் இல்லியா. ஐபி அட்ரஸ்னு, அதாவது வீட்டு வைஃபைக்குள்ள அந்த மிஷினோட கதவு நம்பர், போட்டிருக்கற வரியில முதல் தாள்ல 192.168.1.7, ரெண்டாவதுல 192.168.1.4, மூணாவதுல 192.168.1.11. அன்னிக்கு புதுசா ஒண்ணு எடுத்தேன், 192.168.1.5. லேப்டாப்ல மக தேடிப் பார்த்துச்சு, அது இன்னும் 11ன்னு தான் வச்சிருக்கு. சரி இப்ப அந்த 11 யாருகிட்ட இருக்குன்னு ரவுட்டர் லிஸ்ட்ல பார்த்தா டியூஷனுக்கு வர்ற ஒரு பையனோட போன். திரிகோணமிதி கொஸ்டின் பேப்பர் நேரா போய் அவன் பாக்கெட் கதவை தட்டிட்டு நின்னிருக்கு, அவனுக்கே தெரியாம. என் மக சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்துட்டாங்க.

பழைய எண் புதிய எண்னு முனிசிபாலிட்டி ஒரு தடவை கதவு நம்பர் மாத்தினதுக்கே நாங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல, ரெண்டு நம்பரையும் போட்டா தான் தபால் போய் சேரும்னு ஆச்சு. இங்க கரண்ட் போயிட்டு வந்தா வீட்டுக்குள்ள இருக்கற எல்லாத்துக்கும் நம்பர் மாறலாம்னா எந்த போஸ்ட்மேன் தாங்குவான்.

ரவுட்டர் என்ன பண்ணுதுன்னா, வைஃபைல யாரு வந்து சேர்ந்தாலும் சும்மா இருக்கற நம்பர்ல ஒண்ணை எடுத்து குடுக்குது. சொந்தமா குடுக்கல, வாடகைக்கு தான், அதுக்கு லீஸ்னே பேரு. எங்க ரவுட்டர்ல 24 மணி நேரம்னு போட்டிருக்கு, பாதி டைம் ஆனதும் பிரிண்டரே போய் புதுப்பிச்சுக்கும், அதனால கரண்ட் இருக்கற வரைக்கும் நம்பர் மாறாம ஓடும். டிஹெச்சிபின்னு இந்த ஏற்பாட்டுக்கு பேரு, 1990கள்ல வந்தது, நல்ல ஏற்பாடு தான், இல்லன்னா வீட்டுக்கு வர்ற ஒவ்வொரு விருந்தாளி போனுக்கும் நாம உட்கார்ந்து நம்பர் டைப் பண்ணணும். ஆனா கரண்ட் போச்சுன்னா நிறைய ரவுட்டர் யாருக்கு எதை குடுத்தோம்ங்கற கணக்கையே மறந்துடுது. திரும்ப வந்ததும் யாரு முதல்ல ஓடி வர்றாங்களோ அவங்களுக்கு முதல் நம்பர். எங்க வீட்ல கரண்ட் வர்ற நேரத்துக்கும் சாயந்தரம் 22 பிள்ளைங்க போனோட உள்ள நுழையற நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, பிரிண்டர் பாவம் அப்பதான் சோம்பல் முறிச்சு எழுந்திரிக்கும்.

போனுக்கு நம்பர் மாறினா ஒண்ணும் இல்ல சார், போன் தான் வெளிய போய் கேக்குது, அதைத் தேடிட்டு யாரும் வரல. பிரிண்டரைத் தான் நாலு பேரு தேடி வர்றாங்க. தேடி வரப்படறவன் வீடு மாறக் கூடாது, இவ்வளவு தான் விஷயம்.

சரி எப்படி மாறாம நிறுத்தறது. இதுக்கு ரெண்டு வழி இருக்கு. முதல் வழியை என் தங்கச்சி மகன் பண்ணான், "மாமா இது ஒரு மேட்டரே இல்ல"ன்னுட்டு பிரிண்டர் ஸ்கிரீன்லயே போய் மேனுவல்னு மாத்தி 192.168.1.10ன்னு அவனா ஒரு நம்பரை குத்திட்டு பிரியாணி சாப்பிட்டுட்டு போயிட்டான். எட்டு நாள் ஜோரா ஓடுச்சு. ஒன்பதாவது நாள் ரவுட்டர் அதே 10ஐ டிவிக்கு குடுத்திருச்சு, ஏன்னா பிரிண்டர் அந்த நம்பர்ல உட்கார்ந்திருக்குன்னு அதுகிட்ட யாரும் சொல்லல. ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர். டிவியும் ஒழுங்கா வரல, பிரிண்டரும் வரல, சீரியல் நேரத்துல எங்க வீட்டம்மாகிட்ட நான் வாங்கினது தனி.

ரெண்டாவது வழி தான் சரியானது. நம்பர் குடுக்கறவன்கிட்டயே போய் சொல்லிடறது, இந்த பிரிண்டர் எப்ப வந்து கேட்டாலும் இந்த நம்பரைத் தான் குடுக்கணும், வேற எவனுக்கும் குடுக்கக் கூடாதுன்னு. பிரிண்டர்ல ஒரு செட்டிங்கையும் தொட வேண்டாம், அது பாட்டுக்கு ஆட்டோமேட்டிக்லயே இருக்கட்டும். ரவுட்டர்ல இதுக்கு அட்ரஸ் ரிசர்வேஷன்னு போட்டிருப்பான், சிலதுல ஸ்டேட்டிக் லீஸ், சிலதுல ஐபி மேக் பைண்டிங். கம்பெனிக்கு கம்பெனி பேரை மாத்தி வச்சிருக்கான், ஆனா பெரும்பாலும் லேன் இல்லன்னா டிஹெச்சிபிங்கற மெனுவுக்குள்ள தான் ஒளிஞ்சிருக்கும்.

அந்த மெனுவுக்கு போறதுக்கு லேப்டாப் பிரவுசர்ல ரவுட்டரோட நம்பரை அடிக்கணும். எங்களுக்கு 192.168.1.1, சிலருக்கு 192.168.0.1, ஜியோ ஃபைபர் வச்சிருக்கறவங்களுக்கு 192.168.29.1. தெரியலன்னா விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக்னு (ipconfig) அடிச்சா டிஃபால்ட் கேட்வேன்னு காட்டும், அது தான். யூசர் நேம் பாஸ்வேர்டு ரவுட்டருக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். எங்க ரவுட்டரை கவுத்து பார்த்தா ஸ்டிக்கர்ல இருந்த பாஸ்வேர்டு எடுக்கல, மாட்ட வந்த லைன்மேன் மாத்தி வச்சிட்டு போயிருக்காரு. அதை வாங்க நாலு நாள் போன் பண்ணேன் சார், அது எதுக்கு உங்களுக்குங்கறாங்க. நான் மாசாமாசம் காசு கட்டுற பெட்டி, என் வீட்டு செவுத்துல தொங்குது, சாவி மட்டும் அவங்ககிட்ட.

உள்ள போனதும் ரெண்டு விஷயம் கேக்கும், மேக் அட்ரஸ், ஐபி அட்ரஸ். மேக்ங்கறது பிரிண்டர் ஃபேக்டரில இருந்து வரும்போதே பொறிச்சு வர்ற அடையாளம், ரெண்டு ரெண்டு எழுத்தா ஆறு ஜோடி, 0ல இருந்து 9ம் ஏல இருந்து எஃப் வரைக்கும் கலந்து வரும். ஐபி கதவு நம்பர்னா மேக் அங்க அடையாளம், வீடு மாறினாலும் மச்சம் மாறாது. இதுல நான் ஒரு நாள் முழுக்க ஏமாந்தேன், அதை கட்டாயம் போடுங்க. அந்த கான்ஃபிகரேஷன் தாள்ல ரெண்டு மேக் இருக்கு. ஒண்ணு கேபிள் சொருகற ஓட்டைக்கு, இன்னொண்ணு வைஃபைக்கு, கடைசி ஜோடி மட்டும் வேற. நான் மேல இருந்ததை எழுதிட்டேன், அது கேபிளோடது. சேவ் பண்ணி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழையபடி 5. திரும்ப பண்ணா திரும்ப 5. மக தான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து, "எப்பா இது வயர்லெஸ் இல்லப்பா, கீழ இருக்கு பாரு"ன்னு காட்டுச்சு. வைஃபைல ஓடற பிரிண்டர்னா வயர்லெஸ்னு எழுதியிருக்கற மேக்கைத் தான் குடுக்கணும். இன்னும் சுலபமா வேணும்னா பிரிண்டரை ஆன்ல வச்சுட்டு ரவுட்டர் லிஸ்ட்ல இருந்தே அதை செலக்ட் பண்ணலாம், நிறைய ரவுட்டர்ல அந்த வசதி இருக்கு, டைப் பண்ற வேலையே இல்ல.

ஐபிக்கு நான் 192.168.1.50ன்னு குடுத்தேன். அந்த நேரத்துல யாரும் வச்சிருக்காத நம்பரா பார்த்து எடுக்கணும், முதல் மூணு பகுதி ரவுட்டரோடதே தான் இருக்கணும், கடைசி நம்பர் மட்டும் தான் நம்ம இஷ்டம். சேவ் பண்ணிட்டு பிரிண்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அது போய் நம்பர் கேக்கும், 50 கிடைக்கும். லேப்டாப்ல அதே கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிங் (ping), அதாவது ஆள் இருக்கியான்னு கூப்பிட்டுப் பார்க்கற கமாண்ட், அடிச்சு 192.168.1.50ன்னு போட்டா ரிப்ளை ரிப்ளைன்னு நாலு வரி வந்துச்சு. மணியார்டர் வாங்கினவங்க கையெழுத்து போட்டு குடுக்கும்போது வர்ற ஒரு திருப்தி இருக்கே, அது தான்.

அப்புறம் லேப்டாப்ல ஒரு வேலை பாக்கி. விண்டோஸ்ல பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய் பிரிண்டர் ப்ராப்பர்ட்டிஸை திறந்தா போர்ட்ஸ்னு ஒரு டேப் வரும், பிரிண்ட் எந்த வழியா போகணும்ங்கறது அங்க தான் இருக்கு. அதுல ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்னு எடுத்து இந்த 50 நம்பரை குடுத்து ஓகே பண்ணணும். டிரைவரை தொடவே வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கு. அங்க டபிள்யூஎஸ்டின்னு ஆரம்பிக்கற போர்ட்ல டிக் ஆகியிருந்தா அது விண்டோஸ் தானா தேடிக் கண்டுபிடிச்சு போட்டது, சிலருக்கு நல்லா ஓடும், சிலருக்கு அடிக்கடி தொலைஞ்சு போகும். இன்னொண்ணு, பிங் வருது ஆனாலும் ஆஃப்லைன்னே காட்டுதுன்னா அதே இடத்துல கான்ஃபிகர் போர்ட்டுக்குள்ள எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்து விட்டா நிறைய பேருக்கு சரியாயிடுது. பிரிண்டர் உயிரோட இருக்காங்கறதை லேப்டாப் அது வழியா தான் கேக்குது, பதில் வரலன்னா செத்துட்டான்னு எழுதிடுது. ஆள் உள்ள தூங்கிட்டு இருக்கும்போது கதவு பூட்டியிருக்குன்னு எழுதிட்டு வந்த போஸ்ட்மேன்களும் உண்டு, யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.

ரவுட்டர் ரெண்டு பெட்டி வச்சிருக்கறவங்க, அதாவது நெட் கம்பெனி குடுத்தது ஒண்ணு, கடையில வாங்கினது ஒண்ணு, அவங்க பிரிண்டரும் லேப்டாப்பும் ஒரே பெட்டி கீழ இருக்கான்னு முதல்ல பார்க்கணும், இல்லன்னா நம்பர் சரியா குடுத்தும் பிரிண்ட் போகாம நிக்கலாம். அதே மாதிரி வீட்டு பிரிண்டர் நிறையது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும் தான் பிடிக்கும், 5ன்னு போட்டிருக்கற பேரு அதோட கண்ணுக்கே தெரியாது. லேப்டாப் 5ல இருந்தாலும் பரவால்ல, ரெண்டும் ஒரே வீடு தான், சில ரவுட்டர் மட்டும் நடுவுல செவுரு வச்சிருக்கும். பிள்ளைங்களுக்கு இப்ப கெஸ்ட் வைஃபைன்னு தனியா பிரிச்சு குடுத்துட்டோம், அதுல இருந்து பிரிண்டரைத் தொட முடியாது, ஹோம்வொர்க் வேணும்னு எவனும் 40 பக்கம் அடிச்சு விட முடியாது. முன்ன அடிச்சிருக்கான்.

தங்கச்சி மகன் மறுபடி வந்தான், "மாமா ரவுட்டர்ல போர்ட் ஃபார்வேர்ட் பண்ணிட்டா நான் சென்னைல ஆபீஸ்ல இருந்தே உங்க பிரிண்டர்ல அடிக்கலாம்"னான். கையெடுத்து கும்பிட்டு அனுப்பி வச்சேன். 192.168ன்னு ஆரம்பிக்கற நம்பர் எல்லாம் வீட்டுக்குள்ள மட்டும் புழங்கறதுக்குன்னே 1990கள்ல ஒதுக்கி வச்சது, உங்க வீட்லயும் ஒரு 192.168.1.50 இருக்கலாம், எங்க வீட்லயும் இருக்கு, ஒண்ணுக்கொண்ணு முட்டாது, வெளிய இருந்து எவனும் நேரா வந்து தட்டவும் முடியாது. அந்த வேலியை நாமளே பிரிச்சு விடறது தான் இவன் சொல்ற ஐடியா. 2018 கடைசியில ஒருத்தரு இப்படி 9100ங்கற போர்ட்டை, அதாவது பிரிண்டர் பிரிண்ட் வாங்கற வாசலை, வெளிய இருந்து வர்ற மாதிரி தொறந்து போட்டிருந்த பிரிண்டரா தேடிப் பிடிச்சு, உலகம் முழுக்க, ஒரு யூடியூப் சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு தாள் தாளா அடிக்க வச்சாரு, 50,000 பிரிண்டர்னு அவரே சொல்லிக்கிட்டாரு. யாரோ முன்பின் தெரியாதவனுக்கு நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கவா நான் இங்க் வாங்கி ஊத்துறேன்.

உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டு. அந்த வாசகருக்கு குடுத்த பதிலை திருத்தி மறுபடி ஒரு தடவை போடுங்க, டிரைவரை நோண்டறதுக்கு முன்னாடி பிரிண்டர்ல இருந்து கான்ஃபிகரேஷன் பேஜ் எடுத்து அதுல இருக்கற நம்பரும் லேப்டாப் வச்சிருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாருங்கன்னு. ஒரே ஒரு தாள் செலவு. பிரிண்டர் விக்கிற கடைக்காரங்களும் படிப்பாங்க, மாட்டிக் குடுக்கும்போதே பத்து நிமிஷம் ஒதுக்கி இதையும் பண்ணிக் குடுத்தா என்ன, நான் 400 ரூபாயை அதுக்கே சந்தோஷமா குடுத்திருப்பேன். நெட் கனெக்ஷன் குடுக்கறவங்க பாஸ்வேர்டை மாத்தினா மாத்தினதை ஒரு சீட்டுல எழுதி வீட்டுக்காரங்க கையில குடுக்கணும்னு நீங்க எழுதினா இன்னும் நல்லது, நாங்க சொன்னா எடுபடல.

ரெண்டாவது, அந்த பதில்ல ரவுட்டரை திசைவின்னும் பிரிண்டரை அச்சுப்பொறின்னும் போட்டிருந்தீங்க. தமிழ் மேல எனக்கும் ஆசை தான், 33 வருஷம் எல்லாரோட கையெழுத்துலயும் தமிழ் படிச்சவன். ஆனா என் மக அதை படிச்சுட்டு திசைவின்னா டிவி மேல ஆன்டெனா திருப்பறதாப்பான்னு கேட்டுச்சு. மெனு முழுக்க இங்கிலீஷ்ல இருக்கும்போது செய்முறை சொல்ற இடத்துலயாவது ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கோ அதையே தமிழ் எழுத்துல போட்டீங்கன்னா தேடிப் பிடிக்க வசதியா இருக்கும். தமிழ் வார்த்தையை பக்கத்துலயே வேணா போடுங்க, பழைய எண் புதிய எண் மாதிரி.

போன வியாழக்கிழமை எங்க ஏரியாவுல காலையில 9ல இருந்து சாயந்தரம் 5 வரைக்கும் கரண்ட் இல்லன்னு முந்தின நாளே உங்க பேப்பர்ல வந்துச்சு. கரண்ட் 5.20க்கு தான் வந்துச்சு. 5.40க்கு மக மாடியில இருந்து பிரிண்ட் குடுத்துச்சு, நான் பீரோ பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கினேன், 22 தாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற போஸ்ட்மேன் ஒருவர்,
கோவில்பட்டி - 628501

பி.கு: ரவுட்டரை மாத்தினா இந்த ரிசர்வேஷன் அதோடயே போயிடும், புது பெட்டியில மறுபடி எழுதணும். அதுக்காக வயர்லெஸ் மேக்கையும் 50ங்கற நம்பரையும் ஒரு துண்டுத் தாள்ல எழுதி பிரிண்டர் மூடிக்கு உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன். ரவுட்டர் பாஸ்வேர்டு அதுல இல்ல, அது வேற இடத்துல இருக்கு.